தம்புராவை மட்டும் கேட்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' படத்தின் இசையைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அலுவலகம் போகும் பஸ்ஸில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருந்தேன். தொடங்காமலேயே முடிந்துவிட்டது. அதையொட்டிப் பரிந்துரையாக வந்த சில 'டார்க் ஆம்பியன்ட்' ஆல்பங்களையும் போட்டுப் பார்த்தேன். உறுமல், முனகல், காற்று. பாழடைந்த தொழிற்சாலைக்குள் தனியாக மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. நான் இளையராஜாவைக் கேட்டு வளர்ந்தவன். மார்கழியில் கச்சேரிகளுக்கும் தவறாமல் போகிறவன். இதெல்லாம் இசைதானா? இசையே என்றாலும், இத்தனை இருட்டை ஒருவர் எதற்காக விரும்பிக் கேட்க வேண்டும்? கேட்டே தீர வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

ச., கோவை

அன்புள்ள ச.,

உங்கள் முதல் கேள்விக்கு வயது அதிகம். 1956இல் 'ஃபர்பிடன் பிளானட்' என்ற ஹாலிவுட் படம் வந்தது. அதன் இசை முழுவதையும் நியூயார்க்கைச் சேர்ந்த லூயி பேரன், பீபி பேரன் தம்பதியர் மின்சுற்றுகளைக் கொண்டே உருவாக்கினார்கள். வயலின், டிரம்பெட் எதுவும் கிடையாது. இசைக் கலைஞர்களின் சங்கத்தோடு சிக்கல் வரும் என்று அஞ்சிய படநிறுவனம், பெயர்ப்பட்டியலில் 'இசை' என்று போடாமல் 'மின்னணுத் தொனிகள்' என்று போட்டது. பேரன் தம்பதியர் வேலை செய்த முறை விசித்திரமானது. ஒரு மின்சுற்றை வடிவமைத்து, அதற்குள் தாங்க முடியாத அளவு மின்சாரத்தைச் செலுத்துவார்கள். அது துடித்து, ஓலமிட்டு, கடைசியில் எரிந்து அடங்கும். அந்த ஒலி ஒருமுறைதான் கிடைக்கும். அதே சுற்றைத் திரும்பச் செய்தாலும் அதே ஒலி வராது. எரிந்து முடிவதற்குள் ஒலிநாடாவில் பிடித்ததுதான் மிச்சம். அதைக் கேட்கும்போதெல்லாம் ஏதோ ஓர் உயிர் போவதைக் கேட்பதுபோலவே எனக்கு இருக்கும். இதை இசை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் கச்சேரி கேட்கிறவர் என்று சொல்லிவிட்டீர்கள், ஆகவே உங்களிடம் வேறு வழியில் பேச முடியும். பாடகர் வாயைத் திறப்பதற்கு முன் தம்புராவுக்குச் சுருதி கூட்டுகிறார்களே, அதைக் கவனித்திருப்பீர்கள். நான்கு தந்திகள். ஒரு பஞ்சமம், இரண்டு ஷட்ஜம், ஒரு மந்தர ஷட்ஜம். தந்திகளைத் தாங்கும் 'குதிரை' என்ற கட்டைக்கும் தந்திக்கும் நடுவே இருக்கும் நூலை மயிரிழை நகர்த்துகிறார்கள். சரியான இடத்தில் அது நின்றதும் தந்தியின் ஒலி விரிந்துகொள்கிறது. எந்தத் தந்தியிலும் வைக்கப்படாத அந்தர காந்தாரம் என்ற சுரம் தானாக மேலெழுந்து கேட்கிறது. பிறகு பாட்டு தொடங்கிவிடுகிறது, நாம் தம்புராவை மறந்துவிடுகிறோம். இசைதானா என்று நீங்கள் சந்தேகப்பட்ட இந்த இசை, பாட்டை நிறுத்திவிட்டு அந்தக் காந்தாரத்தைக் கேட்கச் சொல்கிறது. அடுத்து என்ன வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். இப்போது ஒலித்துக்கொண்டிருப்பதற்குள் என்னென்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது.

இந்த உறவு நான் வலிந்து ஏற்படுத்துவது அன்று. ஹிந்துஸ்தானி இசையின் கிரானா கரானா என்ற மரபைச் சேர்ந்த பண்டிட் பிரான் நாத் 1970இல் அமெரிக்காவுக்குப் போனார். அங்கே அவருக்குச் சீடரானவர்களில் ஒருவர் லா மான்ட் யங். ஒரே சுரத்தை நீட்டி ஒலிக்கும் நீண்ட கார்வைகளையே இசையாக்கியவர்களில் முன்னோடி அவர். தன் குருவின் தம்புராக்களை மட்டும் பதிவு செய்து ஒரு முழு ஆல்பமாகவே வெளியிட்டிருக்கிறார். பாட்டு கிடையாது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தம்புரா மட்டுமே.

'ஸ்டாக்கர்' இசையிலும் இதே தம்புராவின் சாயல் இருக்கிறது. 1979இல் வந்த அந்தப் படத்துக்கு, கிழக்கும் மேற்கும் ஒன்றாக ஒலிக்கும் இசை வேண்டும் என்று தார்க்கோவ்ஸ்கி கேட்டார். இசையமைப்பாளர் எடுவர்ட் ஆர்தெமியெவ் ஐரோப்பாவின் 14ஆம் நூற்றாண்டு மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அஜர்பைஜானின் 'தார்' என்ற தந்திக் கருவியைச் சேர்த்துப் பார்த்தார். இயக்குநருக்குத் திருப்தியில்லை. அப்போதுதான் ஆர்தெமியெவுக்கு இந்திய இசையில் அடியில் நீங்காமல் நிற்கும் ஒற்றைச் சுருதி நினைவுக்கு வந்தது. மின்னணு முறையில் ஒலி எழுப்பும் சிந்தசைசரில் அப்படியொரு சுருதியை உண்டாக்கி, அதன்மேல் புல்லாங்குழலையும் தாரையும் மிதக்கவிட்டார். நீங்கள் பஸ்ஸில் கேட்டு அலுத்துப்போன நீளமான ஒலி அதுதான்.

தள்ளுவண்டிக் காட்சியை மட்டும் ஒருமுறை படத்தோடு பாருங்கள். மூன்று பேர் தண்டவாள வண்டியில் 'மண்டலம்' எனப்படும் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் போகிறார்கள். பேச்சே இல்லை. கேமரா அவர்களுடைய பிடரியையும் பக்கவாட்டு முகங்களையும் விட்டு நகர்வதில்லை. முதலில் கேட்பது சக்கரத்தின் தடதடப்பு மட்டும். சிறிது நேரத்தில் அந்தத் தடதடப்புக்கு ஒரு வால் முளைக்கிறது. பிறகு உலோகம் கரைந்து தொனியாகிறது. எந்த நொடியில் சத்தம் இசையானது என்று எத்தனை முறை கேட்டாலும் என்னால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. உங்கள் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் அறியேன்.

ஆர்தெமியெவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல ஆசை. 1972இல் வந்த 'சோலாரிஸ்' படத்துக்கு அவர் 'ஏ.என்.எஸ்.' என்ற கருவியைப் பயன்படுத்தினார். எவ்கெனி முர்சின் என்ற பொறியாளர் பல ஆண்டுகள் தனியாக உழைத்து 1950களின் இறுதியில் செய்து முடித்தது. இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினின் முழுப்பெயரின் முதலெழுத்துகளே கருவிக்குப் பெயர். கருநிறப் பசை பூசிய கண்ணாடித் தகட்டில் கூர்முனையால் கீறுவார்கள். கீறிய இடத்தின் வழியாக ஒளி புகும், புகுந்த ஒளி ஒலியாக மாறும். கோடு கிழித்தால் ஒற்றைத் தொனி, பட்டையாகச் சுரண்டினால் கடலின் இரைச்சல். ஒரு ஸ்தாயிக்கு 72 தொனிகள் வீதம் மொத்தம் 720. சுரங்களை அசைத்துப் பாடும் கமகத்தில் ஊறிய நம் காதுக்குச் சுரங்களுக்கு நடுவே இருக்கும் இந்த இடங்கள் அந்நியமாக இருக்கக் காரணமே இல்லை.

இனி இருட்டு. இந்த வகையில் வெளியாவதில் பெரும்பகுதி சோம்பேறித்தனமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அட்டையில் கல்லறை, உள்ளே எதிரொலி சேர்த்த முனகல், முடிந்தது. பரிந்துரையில் உங்களுக்கு வந்தவை அவையாக இருந்தால் உங்கள்மேல் தவறில்லை. ஆனால் அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்சின் 'இரேசர்ஹெட்' படத்தின் ஒலிகள் 1982இல் இசைத்தட்டாக வந்தனவே, அதைக் கேட்டுப் பாருங்கள். லிஞ்சும் ஒலி வடிவமைப்பாளர் ஆலன் ஸ்ப்ளெட்டும் கட்டியெழுப்பியது அது. நீராவிக் குழாயின் சீறல், எங்கோ ஓடும் இயந்திரத்தின் உறுமல், காற்று, இவற்றுக்கிடையே மங்கலாக ஜாஸ் கலைஞர் ஃபேட்ஸ் வாலரின் ஆர்கன். லிஞ்ச் மாணவராக வாழ்ந்த ஃபிலடெல்பியாவின் தொழிற்சாலைப் பகுதி அதில் அப்படியே இருக்கிறது. அதைக் கேட்டு முடித்த இரவு, என் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி ஓடுவதும் நிற்பதும் தெளிவாகக் கேட்டன. இந்த இசை எனக்குத் தருவது இதைத்தான். காது அடைத்து வைத்திருந்த உலகத்தைத் திறந்துவிடுகிறது. அந்த நேரங்களில் எனக்குள் சோர்வு வந்ததில்லை, கவனம்தான் கூடியிருக்கிறது.

இருட்டு என்றால் பயம் என்றும் இல்லை. 1988இல் பாலின் ஒலிவெரோஸ், ஸ்டூவர்ட் டெம்ப்ஸ்டர், பனயோட்டிஸ் ஆகிய மூவரும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் தரைக்கு 14 அடி கீழே, காலியாகக் கிடந்த ஒரு ராட்சதத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கினார்கள். அக்கார்டியன், டிராம்போன், குரல் ஆகியவற்றோடு. உள்ளே எழுப்பும் ஒரு சுரம் அடங்க 45 விநாடிகள் ஆகும். அதனால் ஒவ்வொருவரும் சற்று முன் தான் வாசித்ததோடு சேர்ந்தே வாசிக்க வேண்டியிருக்கிறது. அவசரப்பட்டால் எல்லாம் குழம்பிவிடும். 'டீப் லிசனிங்' என்ற பெயரில் வந்த அந்த ஆல்பத்தில் மூன்று பேர் முப்பது பேராகக் கேட்கிறார்கள். நிலத்தடி இருட்டில் பிறந்தது, ஆனால் அத்தனை கனிவானது.

எப்படிக் கேட்பது? பஸ்ஸில் வேண்டாம். இந்த இசையின் உயிர் மந்தர ஸ்தாயிக்கும் கீழே இருக்கிறது, பஸ்ஸின் எஞ்சின் அந்த இடத்தைத்தான் அடைத்துக்கொள்கிறது. அலைபேசியின் ஸ்பீக்கரில் அந்த ஒலிகள் வெளியே வருவதே இல்லை. இரவில், வீட்டில், நல்ல ஹெட்போனில், ஒலியைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். தூங்குவதற்காகப் போடாதீர்கள். பலர் அப்படிச் செய்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை.

இளையராஜாவில் வளர்ந்தவருக்கு முதல் படியாக, ஜெர்மானிய இயக்குநர் வெர்னர் ஹெர்சாக்கின் 1972ஆம் ஆண்டுப் படமான 'அகீர்ரே'வுக்கு 'போபோல் வூ' குழுவின் ஃப்ளோரியன் ஃப்ரிக்கே அமைத்த இசையைச் சொல்வேன். அதில் மெட்டு இருக்கிறது. மேகத்துக்குள் மலைச்சரிவில் வரிசையாக இறங்கும் மனிதர்களின்மேல் மனிதக் குரலா கருவியா என்று தெரியாத ஒரு கோரஸ் ஒலிக்கும். அதன்பின் 'ஸ்டாக்கர்' இசைக்குத் திரும்புங்கள். பிறகு 'டீப் லிசனிங்'.

இந்த மூன்றும் பிடித்தால் மட்டும் பிரெஞ்சு இசையமைப்பாளர் எலியான் ராதிக்கின் 'த்ரிலஜி த லா மோர்'. ஒரே ஒரு ஏ.ஆர்.பி. சிந்தசைசரில், பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு செய்த மூன்று மணி நேர இசை. முதல் பகுதி திபெத்தியர்களின் மரண நூலை ஒட்டியது. அது முடிந்த பிறகு அவருடைய மகன் விபத்தில் இறந்துபோனார். இரண்டாம் பகுதியின் பெயர் 'கைலாஷா'. கயிலை மலையை மனத்தால் வலம் வருவது. மூன்று மணி நேரத்தையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டியதில்லை, 'கைலாஷா'வுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். 'டார்க் ஆம்பியன்ட்' கலைஞர் லஸ்ட்மோர்டின் 'ஹெரெசி' போன்ற கடுமையான ஆல்பங்களை இப்போதைக்குத் தொடாதீர்கள். அவற்றுக்கு நிலவறைகளின் அதிர்வைத் தாங்கும் ஸ்பீக்கரும் வேண்டும், பழகிய காதும் வேண்டும். 'கைலாஷா' வரை வந்த பிறகு எழுதுங்கள், அவற்றைப் பற்றி அப்போது பேசலாம்.