'பாடு' என்றால் என்ன? ஆய்வுக் கூட்டு பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: உயிரியல், சமூகவியல், கணினி என மூன்று துறைக்காரர் நாங்கள். கரைவலைத் தொழில் பற்றி ஒரு கடற்றொழிலாளர் சங்கத்துடன் சேர்ந்து ஓராண்டு ஆய்வு தொடங்கினோம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஒருவர் கணக்கு மற்றவர் கணக்கோடு பொருந்தவில்லை. எங்கே பிழைத்தது?
– விரிவுரையாளர், நிலாவெளி

பதில்: உங்கள் ஏட்டிலுள்ள சொற்களை முதலில் பாருங்கள். கரைவலைக்காரருக்குப் 'பாடு' என்பது வலை வளைத்து இழுக்கும் கரைத்துண்டு. அந்த இடத்துக்கான உரிமையும் அச்சொல்லில் அடங்கும். வெளியிலிருந்து வரும் மாணவர் அதை 'ஒரு தடவை வலை இழுப்பது' என்று எழுதிவிடுவார். 'பிடி'யும் அப்படித்தான். உயிரியல்காரருக்கு அது வலையில் வந்த மொத்த மீன், கிலோக் கணக்கில். வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு விற்று வந்த பணம். வலை இழுத்தவருக்குத் தன் பங்கு. கறிக்கென்று முதலிலேயே அள்ளிக் கொடுக்கும் மீன் முதற்கணக்கில் சேரும், மற்ற இரண்டிலும் சேராது. மூவரும் சரியாகவே எழுதியிருப்பீர்கள். எழுதிய பொருள்தான் வேறு.

ஆகவே ஓர் அரைநாள் வாடியிலேயே, அதாவது தொழிலாளர் தங்கும் கரைக் குடிலிலேயே, உட்காருங்கள். பதினைந்து சொற்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்று தொழிலாளர் சொல்ல, அதை அப்படியே எழுதி, ஆய்வில் எந்தப் பொருளில் வரும் என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். அடுத்து அளவை. கரையில் கணக்கு கூடையிலும் பெட்டியிலும்தான் ஓடும். ஒரு கூடை நெத்தலியும் ஒரு கூடை சூடையும் ஒரே எடை இராது. நீர் வடியமுன் நிறுத்தால் இன்னும் கூடும். எனவே மீன்வகை ஒவ்வொன்றிலும் வெவ்வேறு நாட்களில் பத்துக் கூடையாவது, நீர் வடிந்தபின், கூடையின் எடையைக் கழித்து நிறுத்துச் சராசரி எடுங்கள். பிறகு கூடையை எண்ணினாலே போதும், தொழிலாளரின் நேரம் வீணாகாது.

ஏட்டைத் தொடங்குமுன் இரண்டு வாரம் ஒத்திகை வையுங்கள். ஒரே இழுப்பை இருவர் தனித்தனியே பதிய வேண்டும். பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் வருகிற படிவக் கட்டத்தைத் திருத்துங்கள். ஆளை மாற்றுவதால் அது தீராது. படிவம் ஒரு பக்கம்தான். பென்சிலால் எழுதச் சொல்லுங்கள், ஈரத்தில் மை கரையும்.

பலர் தவறவிடுவது வெறும் வலை. ஒன்றும் படாத இழுப்பையும் பூச்சியம் என்று பதிய வேண்டும். மீன் பட்ட நாளில் மட்டும் ஏட்டைத் திறந்தால், கடல் வற்றிப்போகும் ஆண்டிலும் சராசரி குறையாமல் நிற்கும். பதிபவருக்குக் கொடுப்பனவு வேண்டும், அது நாளுக்கு இவ்வளவு என்று இருக்கட்டும். இழுப்புக்கு இவ்வளவு என்றால் நடக்காத இழுப்பும் ஏட்டில் ஏறும்.

காலத்தையும் கவனியுங்கள். நிதி ஜனவரியில் வருகிறது என்பதற்காக ஜனவரியிலேயே பதிவைத் தொடங்காதீர்கள். வாடைக்காற்றில் கிழக்குக் கடல் குமுறும் மாதங்களில் ஆட்கள் வலை பொத்திக்கொண்டு கரையில் இருப்பார்கள். சொற்பட்டியல், உடன்படிக்கை, ஒத்திகைப் படிவம் எல்லாம் அப்போதுதான் பேச முடியும். கடல் அடங்கியதும் பதிவைத் தொடங்கலாம். புறாமலைத் தீவின் பவளப்பாறையையும் சேர்ப்பதாக இருந்தால், 2003 முதல் அது தேசியப் பூங்கா என்பதால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தனியாக வேண்டும். அதற்கு விண்ணப்பிப்பதை முதல் வேலையாக வையுங்கள்.

கேள்வி: வருடா வருடம் யாராவது வருகிறார்கள், படிவம் நிரப்புகிறார்கள், போகிறார்கள். முடிவு என்னவென்று எங்களுக்குத் தெரிவதில்லை. அடுத்த முறை கையெழுத்துப் போடுமுன் என்ன கேட்க வேண்டும்?
– கூட்டுறவுச் சங்கச் செயலாளர், மூதூர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. முதலில் கேட்க வேண்டியது, ஆய்வின் கேள்வியை யார் தீர்மானித்தார்கள் என்பது. கேள்வி அச்சடித்து வந்துவிட்டால் நீங்கள் பங்காளிகள் அல்லர், தகவல் கொடுப்பவர்கள் மட்டுமே. கிழக்கிலேயே மாற்று உதாரணம் உண்டு. 1980களின் தொடக்கத்தில் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் கொழும்பின் கமநல ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளைஞர்களை அமைப்பாளர்களாக அனுப்பின. அவர்கள் கிராமங்களிலேயே தங்கி, எந்த வாய்க்காலில் என்ன சிக்கல் என்று விவசாயிகளிடமே கேட்டார்கள். விவசாயிகள் கூடி வாய்க்கால் துப்புரவாக்கி, முறைவைத்துத் தண்ணீர் பகிர்ந்தார்கள். பொறியியலும் சமூகவியலும் அங்கே ஒரே வாய்க்காலில் சந்தித்தன.

உடன்படிக்கை தமிழில் ஒரு பக்கம் இருக்கட்டும். தரவு யாரிடம் இருக்கும், எந்தத் திகதிக்குள் முடிவு உங்களிடம் வரும், மண்ணெண்ணெய்யும் வள்ளமும் யார் செலவு, இடையில் விலகினால் என்ன நடக்கும் என்பவை அதில் தெளிவாக வேண்டும். மீன்படும் பாறைகளின் துல்லியமான இடத்தை வரைபடத்தில் வெளியிட விடாதீர்கள். ஐந்து கிலோமீற்றர்க் கட்டங்களாகக் காட்டினாலே ஆய்வுக்குப் பெரும்பாலும் போதும். துல்லியமாகப் போட்டால் அடுத்த பருவத்தில் வேறு வள்ளங்கள் அங்கே நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. தடைசெய்த வலை பற்றி யாராவது பேசினால், 'இரகசியம் காப்போம்' என்று ஆய்வாளர் எல்லையில்லாமல் வாக்களிக்க முடியாது. நீதிமன்றம் கேட்டால் ஏட்டைக் கொடுக்க வேண்டிவரலாம். பெயரையே எழுதாமல் விடுவதுதான் காப்பு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் உடன்படிக்கையில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

முடிவைக் கட்டுரை வெளிவந்த பிறகு அல்ல, வெளிவருமுன் கேளுங்கள். பிழை திருத்த இரண்டு வாரம் வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் வரட்டும், ஏனெனில் அதே கடலில் மூன்று சமூகத்தாரும் தொழில் செய்கிறார்கள். ஒரு சங்கத்தின் கையில் மட்டும் இருக்கும் தரவை மற்றவர்கள் நம்பமாட்டார்கள்.

கேள்வி: கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று எங்களுக்குள் மனவருத்தம். என்ன வழி?
– ஆய்வு மாணவி, உவர்மலை

பதில்: துறைக்குத் துறை வழக்கம் வேறு. கணிதத்தில் பெரும்பாலும் அகரவரிசை. உயிரியலில் கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வகத் தலைவருடையது. இது தெரியாமல் கடைசியில் நின்றவர் அவமானப்பட்டதாக நினைப்பார். தொடக்கத்திலேயே எழுதிவையுங்கள், வேலை மாறும்போது திருத்துங்கள். யார் என்ன செய்தார் என்று 14 பங்களிப்பு வகைகளில் காட்டும் முறை இன்று பல சஞ்சிகைகளில் உண்டு, அதைப் பயன்படுத்தலாம். பதிவு செய்து, முடிவை வாசித்துத் திருத்தி, அதற்குப் பொறுப்பும் ஏற்கிற தொழிலாளரை ஆசிரியராகச் சேர்ப்பது சலுகை ஆகாது. நன்றியுரையில் பெயர் போடுவதற்கும் அவரிடம் கேட்டுத்தான் போட வேண்டும்.

கேள்வி: மீன் படங்களை வட்ஸ்அப் குழுவில் சேகரிக்கிறோம். போதுமா?
– கின்னியா வாசகர்

பதில்: அறிவித்தலுக்குப் போதும், தரவுக்குப் போதாது. படமாக அனுப்பினால் அது சுருங்கும், எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது வாரம் ஒருமுறை கைபேசியிலிருந்து நேரே பிரதி எடுங்கள். மீனுக்குப் பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்தால் நீளத்தையும் அளக்கலாம்.