லியர் மன்னனின் பாகப்பிரிவினை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' எங்களுக்கு எம்.ஏ.வில் பாடம். முதல் காட்சியையே நம்ப முடியவில்லை. 'என்மேல் யாருக்குப் பாசம் அதிகம்?' என்று மகள்களைக் கேட்டு ஒரு ராஜா நாட்டைப் பிரிப்பாரா? எங்கள் பக்கம் மாந்தோப்பைப் பாகம் பிரிக்கிற எந்தத் தாத்தாவும் இப்படிச் செய்யமாட்டார். கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எழுதினால் போதுமா?

க., காவேரிப்பட்டணம்

அன்புள்ள க.,

போதாது. லியர் மேடைக்கு வருவதற்கு முன் அவருடைய பிரபுக்கள் கென்ட்டும் கிளாஸ்டரும் பேசிக்கொள்வதை மறுபடி படியுங்கள். இரண்டு மருமகன்களின் பங்கும் குறை சொல்ல முடியாதபடி சமம் என்கிறார் கிளாஸ்டர். அதாவது, பாகம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. மூத்த மகள் கானரில் பேசியதுமே, இரண்டாவது மகள் ரீகன் வாய் திறக்கும் முன்பே, வரைபடத்தில் எல்லையைக் காட்டிக் கானரிலின் பங்கைக் கொடுத்துவிடுகிறார் லியர். போட்டி என்றால் மூன்று பேரும் பேசிய பிறகுதானே பரிசு? பத்திரம் தயார், கையெழுத்துக்கு முன் பெரியவர் காதில் நாலு நல்ல வார்த்தை விழவேண்டும், அவ்வளவுதான்.

கடைசி மகள் கார்டீலியா புகழ மறுக்கிறாள். அவள் நேர்மையைப் பற்றி உரைகள் பக்கம் பக்கமாகச் சொல்லும். எனக்கு முக்கியமாகப் படுவது, அடுத்துக் கோபத்தில் லியர் கொட்டிவிடுகிற வரி: இவளைத்தான் அதிகம் நேசித்தேன், இவள் பராமரிப்பில்தான் ஓய்வாக இருக்க நினைத்தேன். அசல் திட்டம் அதுதான். அக்காக்களுடையதைவிடச் செழிப்பான பங்கு கடைசி மகளுக்கு, கிழவர் அவளோடு. உங்கள் ஊர்த் தாத்தாக்கள் போடுகிற கணக்கேதான். இதில் புத்தி எங்கே பேதலித்தது?

அவளைத் துரத்தியதும் அவருக்கு இருக்க இடமில்லை. அந்த நிமிடத்தில் வாய்க்கு வந்த ஏற்பாடுதான் 100 வீரர்களோடு மாதம் ஒரு மகள் வீடு என்பது என்று நினைக்கிறேன். பங்கை யோசித்துப் பிரித்தவர், நிபந்தனையை ஆத்திரத்தில் போட்டுவிட்டார். அதிகாரத்தை முழுசாகக் கொடுத்துவிட்டு ராஜா என்கிற பேரை மட்டும் வைத்துக்கொள்கிறார். (நம் நாட்டில் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவனித்துக்கொள்ளும் நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் தீர்ப்பாயம் போய் ரத்து செய்யக் கேட்கலாம். லியருக்கு அந்த வசதி இல்லை.) அப்புறம் நான்காம் காட்சியிலேயே 50 வீரர்கள் குறைந்துவிடுகிறார்கள். இரண்டு வாரத்துக்குள்ளாகவா என்று அலறுகிறார்.

சரி, புத்தி பேதலிப்பு. முதல் காட்சியின் கடைசியில் அக்காக்கள் இருவரும் தனியாகப் பேசும்போது, எல்லாம் வயதுக் கோளாறு என்கிறாள் ரீகன். கூடவே, அவர் என்றைக்குமே தன்னைச் சரியாக அறிந்தவரில்லை என்றும் சொல்கிறாள். முதல் பாதியை மட்டும் விடையாக எழுதுவதானால், அது ரீகனின் கட்சி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.