படம் கண்ணெதிரே இருக்க, ‘திறந்த டிசைன் இல்லை’ என்கிறதே விவாடோ?

கேள்வி: இறுதியாண்டு ஈசிஇ மாணவன். ஜிங்க்-7000 சிப் உள்ள போர்டில் ப்ராஜெக்ட் செய்கிறேன். சிப் வடிவமைப்பு மென்பொருளான விவாடோவில், கட்டங்களை இணைத்து வரையும் பிளாக் டிசைன் படத்திலிருந்து வெளியே வரும் போர்ட்களின் பெயரையும் திசையையும் ஸ்கிரிப்ட் மூலம் எடுக்க வேண்டும். டிக்கிள் கன்சோலில் கெட்_போர்ட்ஸ் என்று அடித்தால், திறந்த டிசைன் எதுவும் இல்லை என்கிறது. சீனியர் சொன்னபடி கெட்_பிடி_போர்ட்ஸ் அடித்தால், எதுவும் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வருகிறது. ஆனால் படத்தில் இரண்டு போர்ட்கள் இருக்கின்றன, சார்!
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: அந்த இரண்டின் பெயரை நீங்கள் எழுதவில்லை. நானே சொல்கிறேன்: டிடிஆர், ஃபிக்ஸ்டு_ஐஓ. சரிதானே? ஜிங்க் பிராசசரைப் படத்தில் வைத்து ‘ரன் பிளாக் ஆட்டோமேஷன்’ கொடுத்தால் இவை இரண்டும் தாமாகவே வெளியே வந்து நிற்கும். தரமணிப் பக்கம் வேலைக்கு வரும் புதியவர்கள் பலரும் முதல் வாரத்தில் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

முதல் பிழைக்கு வருவோம். விவாடோ ‘டிசைன்’ என்று சொல்வது நெட்லிஸ்டை, அதாவது எந்தப் பாகம் எதோடு இணைகிறது என்ற பட்டியலை. எலாபரேஷன், சின்தசிஸ், இம்ப்ளிமென்டேஷன் ஆகிய அடுத்தடுத்த கட்டங்களில் ஒன்று முடிந்து, அது திறந்திருந்தால்தான் கெட்_போர்ட்ஸ் பதில் சொல்லும். பிளாக் டிசைன் அதற்கு முந்தைய கட்டம். சிஎம்டிஏ-வுக்குக் கொடுத்த பிளானில் வரைந்திருக்கும் கதவைத் தட்டினால் யார் வந்து திறப்பார்கள்?

பிளாக் டிசைனுக்கென்று ‘பிடி’ சேர்ந்த கட்டளைகள் தனியாக உண்டு. பிளாக் டிசைன் என்பதன் சுருக்கம்தான் அது. தமிழில் படித்தாலும் பொருந்துகிறது, பிடித்துக் கொடுக்கிற வேலைதானே! இதில் இரண்டு பிரிவினை நினைவிருக்கட்டும். மொத்தப் படத்தின் ஓரத்தில் இருப்பது போர்ட், உள்ளே ஒவ்வொரு செல்லிலும், அதாவது கட்டத்திலும், இருப்பது பின். இது அபார்ட்மென்ட் கேட்டுக்கும் ஃபிளாட் கதவுக்கும் உள்ள வித்தியாசம். அடுத்தது, தனிக் கம்பியா, கட்டாகக் கட்டிய இன்டர்ஃபேஸா என்பது. நீங்கள் மாட்டிக்கொண்டது இதில்தான். கெட்_பிடி_போர்ட்ஸ், க்ளாக், ரீசெட் போன்ற தனி சிக்னல்களை மட்டும் தரும். டிடிஆரும் ஃபிக்ஸ்டு_ஐஓவும் இன்டர்ஃபேஸ்கள், ஆகவே கெட்_பிடி_இன்ட்எஃப்_போர்ட்ஸ் என்று கேளுங்கள், இரண்டும் வந்து நிற்கும். முழுப் பட்டியல் வேண்டுமென்றால் இரண்டு கட்டளையையும் ஓட்டித்தான் ஆக வேண்டும்.

இனி திசை. தனிப் போர்ட்டில் டிஐஆர் என்ற பண்பில் ஐ, ஓ, ஐஓ என்று இருக்கும். இன்டர்ஃபேஸுக்கு மோட் என்ற பண்பைப் பாருங்கள். மாஸ்டர் அல்லது ஸ்லேவ் என்று வரும். எந்தப் பண்பு எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ரிப்போர்ட்_ப்ராப்பர்ட்டி என்று அடித்து, அதன்பின் சதுர அடைப்பில் போர்ட்டைத் தேடும் கட்டளையைக் கொடுத்தால் மொத்தமும் அட்டவணையாகக் கொட்டும். நான் இன்றும் அப்படித்தான் பார்க்கிறேன். பிறகு ஃபார்ஈச் சுழலில் ஒவ்வொன்றுக்கும் கெட்_ப்ராப்பர்ட்டி போட்டு, புட்ஸ் கொண்டு அச்சிட்டால் உங்கள் பட்டியல் தயார்.

வடிகட்டவும் வழி உண்டு. -ஃபில்டர் போட்டு, நெளிவு அடைப்புக்குள் டைப் == சிஎல்கே என்று கொடுத்தால் க்ளாக் போர்ட்கள் மட்டும் வரும். பின்களில் இதையே தேடும்போது -ஹைரார்க்கிக்கல் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரின் வடிவத்தை வைத்துத் தேட -ரெஜ்எக்ஸ்ப் போட்டால் வெறும் நட்சத்திரக் குறி போதாது, முன்னால் புள்ளி வேண்டும்.

ஒரு எச்சரிக்கை, சொந்த அனுபவத்தில். தேடியது கிடைக்காவிட்டால் இந்தக் கட்டளைகள் பிழை காட்டி நிற்பதில்லை. எச்சரிக்கை ஒன்றைச் சொல்லிவிட்டு வெற்றுப் பட்டியலைத் தந்து நகர்ந்துவிடும். முன்பு நான் இருந்த ஓரிடத்தில், போர்ட் பெயரில் ஓர் எழுத்துப் பிசகியதால் எங்கள் ஸ்கிரிப்ட் காலியான கோப்பை எழுதி வைத்துவிட்டு வெற்றிகரமாக முடிந்ததாகச் சொன்னது. ஆயிரம் வரி லாகில் அந்த மஞ்சள் வரியை யார் பார்ப்பார்கள்? அப்போதிருந்து, தேடியவுடன் எல்லென்த் போட்டு எண்ணிக்கை பூஜ்யமா என்று பார்த்து, பூஜ்யமானால் நானே எரர் கொடுத்து நிறுத்திவிடுகிறேன்.

இந்தப் பட்டியல், எந்த சிக்னல் சிப்பின் எந்தப் பின்னுக்கு என்று சொல்லும் எக்ஸ்டிசி கோப்பு எழுதத்தான் என்றால் கொஞ்சம் பொறுங்கள். படத்தில் லெட்ஸ்_4பிட்ஸ் என்று இருக்கும் ஜிபிஐஓ இன்டர்ஃபேஸ், படத்தைச் சுற்றி விவாடோ எழுதும் ரேப்பர் கோப்பில் லெட்ஸ்_4பிட்ஸ்_ட்ரை_ஓ என்றோ, ட்ரை_ஐஓ என்றோ வால் முளைத்து நிற்கும். எக்ஸ்டிசிக்குத் தெரிந்தது அந்தப் பெயர் மட்டுமே. எனவே சின்தசிஸ் முடிந்ததும் அதைத் திறந்துவைத்து, உங்களை முதலில் திட்டிய அதே கெட்_போர்ட்ஸை அடியுங்கள். இப்போது பஸ்ஸின் ஒவ்வொரு பிட்டும் தனித்தனிப் பெயராக வரும், அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அதில் டிடிஆர், ஃபிக்ஸ்டு_ஐஓ வரிசைகளைக் கண்டு பயப்பட வேண்டாம். அவை பிராசசரின் நிலையான பின்கள். அவற்றுக்கு நீங்கள் இடம் ஒதுக்கி எழுத வேண்டியதில்லை.