சட்டம் கேளுங்கள்: ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியவில்லை

கேள்வி: ஒரே திருட்டு வழக்கில் என் தம்பிக்கும் இன்னொருவருக்கும் ஒரே நாளில் ஜாமீன் கிடைத்தது. தலா ரூ.10,000-க்கு இரண்டு நபர் ஜாமீன். மற்றவர் மறுநாளே வந்துவிட்டார். தம்பி மூன்று வாரமாக உள்ளேயே இருக்கிறான். கடன் வாங்கியாவது பணத்தைக் கட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். அது ரொக்கமாகக் கட்டும் தொகை அல்ல, பிணைப்பத்திரத்தில் எழுதுவது. தம்பி வாய்தாவுக்கு வராமல் தலைமறைவானால்தான் ஜாமீன்தாரரிடம் வசூலிப்பார்கள். ஆனால் அந்த ஜாமீன்தாரரிடம் வீட்டு வரி ரசீது, சொத்துச் சான்று என்று கேட்பார்கள். வாடகை வீட்டில் இருந்துகொண்டு கூலிக்குப் போகும் குடும்பம் அப்படி இரண்டு பேரை எங்கே பிடிக்கும்? உத்தரவு இருவருக்கும் ஒன்றுதான். சொத்துள்ள சொந்தக்காரர் இருப்பவர் வந்துவிடுகிறார். மோதி ராம் என்ற கொத்தனாரிடம் ரூ.10,000 ஜாமீன் கேட்டு, அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று மாஜிஸ்திரேட் ஏற்க மறுத்ததை 1978-இலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்தது. பழக்கம் இன்னும் போகவில்லை.

ஜாமீன் கொடுத்த நீதிமன்றத்திலேயே நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனுப் போடுங்கள்: தொகையைக் குறைக்க வேண்டும், அல்லது சொந்த ஜாமீனில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதிக் கொடுக்கும் பிணைப்பத்திரத்தின் பேரில், விட வேண்டும். குடும்ப வருமானத்தைச் சொல்லும் பிரமாணப் பத்திரத்தையும் ரேஷன் கார்டு நகலையும் இணையுங்கள். மறுத்தால், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 484-ஆம் பிரிவின்படி செஷன்ஸ் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ தொகையைக் குறைக்கலாம்.

ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் கைதி வெளியே போகாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 31.1.2023 உத்தரவு. தகவல் போனதா என்று நீங்களே ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. உதவி எண் 15100. நீதிமன்ற வாசலில் “ஜாமீன்தாரர் நான் தருகிறேன்” என்று வரும் புரோக்கரிடம் மட்டும் போகாதீர்கள். ஆவணம் போலி என்று தெரிந்தால் அது இன்னொரு வழக்கு.

கேள்வி: 60 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் தானாக விட்டுவிடுவார்களா?

பதில்: மாட்டார்கள், மனுப் போட வேண்டும். பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள வழக்கென்றால் 90 நாள். ரிமாண்ட் செய்த (நீதிமன்றம் காவலில் வைக்க உத்தரவிட்ட) நாளையும் சேர்த்து எண்ணுங்கள்: மார்ச் 1-இல் ரிமாண்ட் என்றால் ஏப்ரல் 29 அறுபதாவது நாள். 30-ஆம் தேதி காலையில் முதல் வேலையாக மனுவைக் கொடுத்து, நேரத்தோடு பதிவாகிறதா என்று பாருங்கள். மதியம் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாலும் உரிமை போகாது. அவர்கள் முந்திக்கொண்டால் போய்விடும். இந்த ஜாமீனுக்கும் நீதிமன்றம் ஜாமீன்தாரர் கேட்கலாம்; ஆகவே சொந்த ஜாமீன் கோரிக்கையை அதே மனுவில் எழுதிவிடுங்கள்.