கணினி விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவது ஏன்? கடைக்காரர்கள் வைப்பதுதான் விலையா?

கேள்வியின் சூட்டைப் பார்த்தாலே தெரிகிறது. எங்கோ கொட்டேஷன் வாங்கிப் போய், வீட்டில் பேசி முடிவெடுத்துத் திரும்பி வருவதற்குள் விலை ஏறிவிட்டது. கடைக்காரன் திருடன் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். சென்னை ரிச்சி தெருவில் வெகுகாலம் கணினி அசெம்பிள் செய்து விற்றவன் நான். வக்காலத்து என்று நினைத்தாலும் பரவாயில்லை.

2011 அக்டோபரில் தாய்லாந்தில் பெருவெள்ளம். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஹார்ட் டிஸ்க் ஆலைக்குள் தண்ணீர் புகுந்தது. போட்டி நிறுவனமான சீகேட்டின் ஆலைகள் தப்பின. ஆனால் உதிரிபாகம் செய்பவர்கள் மூழ்கியதால் அவர்களும் திணறினார்கள். இங்கே மொத்த வியாபாரி காலையில் ஒரு விலை சொல்வார், மாலையில் வேறு விலை. சில வாரங்களில் ஹார்ட் டிஸ்க் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. அப்போது மகளுக்குக் கணினி வாங்க வந்த ஒருவர், நான்காக மடித்த பழைய கொட்டேஷனை மேசையில் விரித்து, ஹார்ட் டிஸ்க் வரியின் மேல் விரலை அழுத்திக்கொண்டு கேட்டார்: “அங்கே மழை பெய்தால் இங்கே எப்படி சார் விலை ஏறும்?”

‘பழைய சரக்கைப் பழைய விலைக்கே கொடுத்தால் என்ன’ என்று கிளம்புவீர்கள். விற்ற காசில் அடுத்த டிஸ்க் வாங்க முடியாவிட்டால் கடையை எப்படி நடத்துவது? கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து ‘மைனிங்’ செய்து எடுத்த கிரிப்டோ நாணயங்கள் 2022இல் சரிந்து, செப்டம்பரில் அவற்றில் ஒன்றான எதீரியமும் அந்த மைனிங்கைக் கைவிட்டபோது, உச்ச விலையில் வாங்கிய கிராபிக்ஸ் கார்டுகளைக் கைநஷ்டத்துக்குத் தள்ளினோம். ‘ஐயோ பாவம், பழைய விலையே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை.

ராம் என்னும் நினைவகச் சில்லு விஷயம் இன்னும் மோசம். உலகச் சந்தையின் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூவர் கையில். விலை விழுந்தால் உற்பத்தியைக் குறைப்பார்கள்; பிறகு தட்டுப்பாடு, விலையேற்றம். இப்போது ஏஐ டேட்டா சென்டர்கள் கூடுதல் விலை கொடுத்து அள்ளுகின்றன. 2025 டிசம்பரில் மைக்ரான், நம்மைப் போன்றவர்களுக்குக் குரூஷியல் என்ற பெயரில் விற்றுவந்த வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. இதற்கு மேல் டாலர் ஏறினால் அதுவும் உங்கள் பில்லில்தான் வரும்.

கொள்ளை லாபம் அடிப்பவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நூறு ரூபாய்க்கு நாள் முழுக்கப் பேரம் பேசிவிட்டு, “விண்டோஸ் மட்டும் சும்மா போட்டுக் கொடுங்கள்” என்று திருட்டு நகல் கேட்பவர்கள் எங்களைத் திருடன் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. உங்கள் கொட்டேஷனின் அடியில் அந்த விலை எத்தனை நாளைக்கு என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதைப் படித்தீர்களா?