கொரோனா நேரத்தில் ராணுவ நிதியை வெட்டி வீட்டுக்கு வீடு பணம் கொடுத்திருக்கலாமா?

"20 லட்சம் கோடி என்றார்களே, எங்கே போனது? ராணுவத்துக்கு ஒதுக்கிய 4.71 லட்சம் கோடியில் பாதியை எடுத்திருந்தால் எத்தனை குடும்பம் பிழைத்திருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அம்பத்தூர் பக்கம் பட்டறை வைத்திருப்பவராகவோ அங்கே வேலை பார்ப்பவராகவோ இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தேசத்துரோகி என்று திட்ட வருபவர்களும், அரசுக்கு ஜால்ரா என்று சொல்ல வருபவர்களும் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டவும்.

முதலில் மத்திய அரசு கொரோனா நிவாரணம் என்று அறிவித்த 20 லட்சம் கோடி. 2020 மே மாதம் காட்டிய கணக்கு 20,97,053 கோடி. அதில் 8,01,603 கோடி ரிசர்வ் வங்கி வங்கிகளின் பக்கம் திறந்துவிட்ட பணம். 3 லட்சம் கோடி சிறுதொழில் கடனுக்கான உத்தரவாதம். பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரியான டிடிஎஸ் விகிதத்தைக் கால்வாசி குறைத்ததை 50,000 கோடி என்று சேர்த்தார்கள். வரி குறையவில்லை, பிறகு கட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான். பிஎஃப் பிடித்தம் 12 சதவீதத்திலிருந்து மூன்று மாதத்துக்கு 10 ஆனதும் 6,750 கோடி என்று பட்டியலில் ஏறியது. தொழிலாளியின் சேமிப்பைத் தொழிலாளி கையிலேயே கொடுத்துவிட்டு அதற்கு நிவாரணம் என்று பெயர்! நேரடியாக வந்தது ரேஷனில் ஆளுக்கு 5 கிலோ தானியம், ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மூன்று மாதம் 500 ரூபாய், நூறு நாள் வேலைக்குக் கூடுதலாக 40,000 கோடி, இந்த மாதிரி இனங்கள்தான்.

ராணுவக் கணக்கு வேறு மாதிரி. அங்கே எல்லாமே ரொக்கம், ஆனால் வெட்டத் தோதான ரொக்கம் குறைவு. 2020-21 பட்ஜெட்டில் 4,71,378 கோடியைப் பிரித்தால் ஓய்வூதியம் 1,33,825 கோடி; சம்பளம், சாப்பாடு, எரிபொருள், உதிரிபாகம் அடங்கிய வருவாய்ச் செலவு 2,09,319 கோடி; அமைச்சகத்தின் சிவில் செலவு 14,500 கோடி. மிச்சம் 1,13,734 கோடிதான் தளவாடம் வாங்கும் மூலதனம். அதிலும் பெரும்பகுதி முந்தைய வருடங்களில் கையெழுத்தான ஒப்பந்தங்களின் தவணை. கட்டாவிட்டால் பொருளும் வராது, கொடுத்த முன்பணமும் முடங்கும். புது ஒப்பந்தங்களை ஒரு வருடம் தள்ளிப்போடலாம், அது நியாயமான யோசனை. ஆனால் ஜூன் 15-ல் லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் 20 வீரர்கள் இறந்தார்கள், நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி உட்பட. அதன் பிறகு தள்ளிப்போடும் பேச்சே எடுபடவில்லை. திருத்திய மதிப்பீட்டில் மூலதனம் 1,34,510 கோடியாக ஏறியது.

ஒரு டாங்கிக் கணக்கும் பார்த்துவிடுவோம். 2021 செப்டம்பரில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடிக்கு ஆர்டர் வந்தது. அதே வருடம் தமிழக அரசு அரிசி கார்டுக்கு 2,000 வீதம் இரண்டு தவணை கொடுத்தது. 2.07 கோடி கார்டு, ஆக மொத்தம் சுமார் 8,300 கோடி. தொகை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ரேஷன் கடைப் பணம் இரண்டு மாதத்தில் மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் போய்விடும். டாங்கிப் பணம் பல வருடம் சொட்டுச் சொட்டாக இறங்கும். பசிக்கு முதலாவதுதான் மருந்து, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்காக இரண்டாவதை நிறுத்தினால் அடி விழுவது டெல்லியில் இல்லை, ஆவடிக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகளில்.

அந்தப் பட்டறைகளுக்கு வந்த நிவாரணம், மேலே சொன்ன 3 லட்சம் கோடி உத்தரவாதத்தில் வந்த கடன். 2020 பிப்ரவரி 29 அன்று பாக்கி இருந்த கடனில் 20 சதவீதம், பிணையில்லாமல். 50 லட்சம் பாக்கி என்றால் 10 லட்சம் கிடைக்கும். வங்கி வட்டி உச்சவரம்பு 9.25 சதவீதம். முதல் வருடம் வட்டி மட்டும், மாதம் சுமார் 7,700. அடுத்த 36 மாதமும் சுமார் 31,900. ஆர்டர் திரும்பாதவன் மாட்டியது பதின்மூன்றாவது மாதத்தில். அந்தப் பிப்ரவரி 29 அன்று தவணை 60 நாளுக்கு மேல் தவறியிருந்தால் இந்தக் கடன் கிடையாது. கடனே வாங்காமல் சொந்தப் பணத்தில் ஓட்டியவருக்கும் கிடையாது, ஏனென்றால் 20 சதவீதம் கணக்குப் போட அவரிடம் பாக்கியே இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் முடியாது. புதுக் கடனுக்கு முன்னால் பழைய பில்லைக் கொடுத்திருந்தாலே பாதிப் பட்டறைக்கு மூச்சு வந்திருக்கும். சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. நடப்பது என்ன? ஆய்வு முடியவில்லை என்ற ஒரே காரணத்தில் சரக்கும் பில்லும் மாதக்கணக்கில் கிடக்கும், வட்டி கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்று யாரும் வாய் திறப்பதில்லை. கேட்கத் துணிந்தால் உத்யம் (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு) எண், பர்ச்சேஸ் ஆர்டர், கையெழுத்து வாங்கிய டெலிவரி சலான் மூன்றையும் வைத்துக்கொண்டு, பில் பாக்கிப் புகாருக்கான சிறுதொழில் அமைச்சகத்தின் இணையதளத்தில் போடுங்கள். சரக்கு இறங்கி 15 நாளுக்குள் எதிர்த்தரப்பு எழுத்தில் குறை சொல்லாவிட்டால், இறங்கிய தேதியே ஏற்றுக்கொண்ட தேதி. சலானில் தேதி போட்டு வாங்காதவர்கள்தான் அங்கே தோற்கிறார்கள்.