வெந்தய நீர் குடிக்கிறவர்கள் கேட்டவை

நான் உணவு ஆலோசகர். சர்க்கரை அளவுக்காகக் காலையில் குடிக்கும் வெதுவெதுப்பான வெந்தய நீரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: மேடம், வெந்தயத்தை ராத்திரி ஊறவைத்து, காலையில் தண்ணீரை மட்டும் வடிகட்டிக் குடிக்கிறேன். ஒரு மாதமாகியும் சர்க்கரை அசையவே இல்லையே?

பதில்: வேலை செய்வதில் பெரும்பகுதியை வடிகட்டி எறிந்துவிடுகிறீர்கள்! ஊறிய வெந்தயத்தின் கொழகொழப்பு, கேலக்டோமன்னன் என்ற கரையும் நார்ச்சத்து. அது வயிற்றில் கூழ்போலத் திரண்டு, சாப்பாட்டிலிருந்து குளுக்கோஸ் ரத்தத்தில் ஏறுகிற வேகத்தைக் குறைக்கிறது. அதில் கொஞ்சம்தான் தண்ணீரில் இறங்கும், மிச்சம் விதையோடு நின்றுவிடும். ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 4 கிராம் வெந்தயத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் லேசாகச் சூடாக்கிக் குடித்துவிட்டு, விதையையும் மென்று விழுங்குங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அரை டீஸ்பூன் போதும், இல்லாவிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும். அப்புறம், காலை உணவுக்குச் சற்று முன்பு குடியுங்கள். ஆறு மணிக்குக் குடித்துவிட்டுப் பத்து மணிக்குச் சாப்பிட்டால், அந்தக் கூழ் யாரைத் தடுக்கும்?

கேள்வி: கசப்பு தாங்கவில்லை அக்கா. தேன் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம்மா. ஒரு டீஸ்பூன் தேனில் ஏறக்குறைய 6 கிராம் சர்க்கரை இருக்கிறது. வெல்லத்துக்கும் இதே பதில்தான். இஞ்சித் துண்டு ஒன்றைத் தட்டிப் போடுங்கள், அல்லது கொஞ்சம் எலுமிச்சை பிழியுங்கள்.

கேள்வி: பட்டைத் தூள்?

பதில்: வாசனைக்கு ஒரு சிட்டிகை சரி. தினமும் ஸ்பூன் கணக்கில் வேண்டாம். கேசியா வகைப் பட்டையில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம், அளவு மீறினால் கல்லீரலுக்குக் கெடுதல். தடித்து ஒரே சுருளாக இருந்தால் கேசியா. மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டு, எளிதில் நொறுங்கினால் கூமரின் மிகக் குறைந்த இலங்கைப் பட்டை. தூளாக வாங்கினால் எது என்று கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: அப்பா கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார். இந்த நீரைக் குடித்த ஒருநாள் கை நடுங்கி வியர்த்துவிட்டது. பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதுதான். அந்த மாத்திரை சர்க்கரையைத் தாழ்வாக இறக்கிவிடக்கூடியது. காலை உணவு தள்ளிப்போனால் ஆபத்து இன்னும் கூடும். நடுக்கம் வந்தால் உடனே சோதியுங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இந்த நீரைத் தொடரலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள், மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதேதான். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் தொடங்கவே கூடாது.

கேள்வி: ரத்தப் பரிசோதனைக்குப் போகிற அன்று குடிக்கலாமா?

பதில்: கூடாது. வெறும் வயிற்றுச் சோதனை என்றால் 8 மணி நேரம் பச்சைத் தண்ணீர் மட்டும்தான்.

கேள்வி: எனக்குப் பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மூன்று நாள் குடித்தும், மூன்று நாள் குடிக்காமலும் ஒரே காலை உணவைச் சாப்பிடுங்கள். சாப்பிடும் முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்து எழுதிவையுங்கள். அந்த ஆறு நாளும் காபியில் சர்க்கரை போடாதீர்கள், இல்லாவிட்டால் எது எதைச் செய்தது என்றே தெரியாது. என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு அளவு இறங்கியது அந்தச் சர்க்கரையை விட்டதால்தான்.